மீதியானில் நாற்பது வருஷம்

வேத பாடம்: யாத். 2:11–25, 3:1–12, 5:15–23, அப். 7:20–35, எபி. 11:24–27



இந்த மாதம் மோசேயின் வாலிபத்தைத் தியானிப்போம். மோசே என்றவுடன் நமக்கு நாணல் பெட்டி ஞாபகம் வரும். அடுத்தபடியாக எரிகிற முட்செடி ஞாபகம் வரும். நடுவில் இருக்கிற எண்பது வருஷத்தை சண்டே ஸ்கூலில் ஒரே படத்தில் முடித்துவிடுகிறோம்: எகிப்தியனை அடித்தான், ஓடிப்போனான், ஆடு மேய்த்தான். ஸ்தேவான் அப்படி முடிக்கவில்லை. தன்னைக் கல்லெறியப்போகிறவர்களுக்கு முன்பாக நின்றுகொண்டு, தன் கடைசிப் பிரசங்கத்தில், இந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுக்கிறான்.

இந்தப் பாடத்தை எழுத ஒரு சகோதரர் காரணம். பெயர் வேண்டாம். வாலிபத்தில் செங்கொடி பிடித்து, கூலி உயர்வுக்காக ஊர் ஊராய்ப் போனவர். கூட இருந்த தோழர்களில் சிலர் பதவிக்குப் போனார்கள், சிலர் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுத்தார்கள். மனசு விட்டுப்போய் விலகினார். அதற்குப் பிறகுதான் ஆண்டவரை அறிந்தார். உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது என்னிடம் கேட்டார்: “ஐயா, அந்தப் பத்து வருஷமும் பிசாசுக்குக் கொடுத்த வருஷம்னு சாட்சியில சொல்லச் சொல்றாங்க. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரலை. பொய் சொல்ற மாதிரி இருக்கு. ஆனா திரும்ப அங்க போகவும் மனசு இல்ல. நான் எங்க நிக்கிறேன்?”

நம்முடைய சபைகளில் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் அநேகர். வாய்திறந்து கேட்கிறவர்கள்தான் குறைவு. வேதம் என்ன சொல்லுகிறது, பார்ப்போம்.

பார்த்தவன் மோசே

மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களும் படித்தவன், வாக்கிலும் செய்கையிலும் வல்லவன் என்று ஸ்தேவான் சொல்கிறான் (அப். 7:22). நாற்பது வயது. அரண்மனைச் சாப்பாடு. அவன் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. அரண்மனைக்குள் இருக்கிறவனுக்கு செங்கல் சூளையின் புகை தெரியாது. ஆனாலும் போனான். போய், தன் சகோதரர் சுமக்கிற சுமையைப் பார்த்தான் (யாத். 2:11).

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் பார்வையைப் பரிசுத்த ஆவியானவர் எப்படிக் கணக்கு வைத்திருக்கிறார்? எபிரெயர் 11-ஐத் திறந்து பாருங்கள். பார்வோன் மகளின் பிள்ளை என்கிற பட்டத்தை மோசே வேண்டாம் என்று தள்ளினதும், சுகத்தை விட்டுவிட்டு ஜனங்களோடே பாடுபடுவதைத் தெரிந்துகொண்டதும் விசுவாசத்தினாலே என்று எழுதியிருக்கிறது (எபி. 11:24–26). கிறிஸ்துவினிமித்தம் வரும் நிந்தையோடு அதைச் சேர்த்தே எழுதியிருக்கிறது. அப்படியானால் அடிமைப்பட்டவனைப் பார்த்து மோசேக்கு வந்த பதைப்பு பிசாசினுடையது அல்ல. அதை நாம் அப்படிச் சொல்லத் துணியக்கூடாது.

அடுத்த வசனத்தில்தான் சங்கதி மாறுகிறது. எகிப்தியன் ஒருவன் எபிரெயனை அடிக்கிறான். மோசே இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான். மேலே பார்க்கவில்லை. கொன்று, மணலில் புதைத்துவிடுகிறான்.

மறுநாள் அவன் எதிர்பார்த்தது என்ன? தன் கையினாலே தேவன் விடுதலை கொடுக்கப்போகிறார் என்பதை ஜனங்கள் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தான், அவர்களோ புரிந்துகொள்ளவில்லை (அப். 7:25). அடிபட்டுக்கொண்டிருந்த எபிரெயரில் ஒருவனே அவனைப் பார்த்து, “எங்களுக்குத் தலைவனாக உன்னை யார் வைத்தது? நேற்று அவனைக் கொன்ற மாதிரி இன்றைக்கு என்னையும் கொல்லப்போகிறாயோ?” என்கிற அர்த்தத்தில் கேட்டுவிட்டான். பார்வோனின் பட்டயத்தைக் காட்டிலும் இந்த வார்த்தை மோசேயை ஆழமாய் வெட்டியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். எதிரி விரட்டுவான் என்பது தெரிந்த விஷயம். யாருக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தோமோ, அவர்களே “நீ யார்?” என்று கேட்டால் என்ன செய்வது?

ரஷ்யாவில் ஒரு வாலிபன்

இதே பாதையில் நடந்த ஒரு மனுஷனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கி, ரஷ்ய எழுத்தாளர், 1821-இல் மாஸ்கோவில் பிறந்தவர். கதைப் புத்தகம் வாசிக்கிறதை நம்மில் பலர் விரும்புகிறதில்லை, நானும் நாவல் சிபாரிசு செய்ய வரவில்லை. அவர் நம்மைப்போல மறுபிறப்பின் அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னவரும் அல்ல. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர். வெகு காலம் சூதாட்டத்துக்கு அடிமையாயிருந்தவர். ஆனாலும் வாலிபத்தின் அரசியல் உடைந்துபோகிறது எப்படி, உடைந்தபிறகு மனுஷன் எங்கே போகிறான் என்பதை இவரைப்போல உள்ளபடி எழுதிவைத்தவர்கள் சிலரே.

அவருடைய அப்பா ஏழைகளுக்கான ஆஸ்பத்திரியில் டாக்டர். அம்மா எழுத்துக் கற்றுக்கொடுத்தது பழைய, புதிய ஏற்பாட்டுக் கதைகள் 104 அடங்கிய ஒரு புத்தகத்திலிருந்து. அக்காலத்தில் ரஷ்யாவில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடியானவர்கள் நிலச்சுவான்தார்களின் உடைமையாயிருந்தார்கள். அவர்களை விற்கலாம், சவுக்கால் அடிக்கலாம், சைபீரியாவுக்கு அனுப்பலாம். கேட்பார் இல்லை. இதைப் பார்த்துத்தான் படித்த வாலிபர்கள் கொதித்தார்கள். பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பெத்ராஷெவ்ஸ்கி என்பவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடி, தடைசெய்யப்பட்ட சோஷலிசப் புத்தகங்களை வாசித்தார்கள். தஸ்தயேவ்ஸ்கியும் போனார். அதிலும் தீவிரமான சிலர் ரகசியமாக அச்சு இயந்திரம் வைக்கத் திட்டமிட்டார்கள். அதிலும் சேர்ந்தார்.

பெலின்ஸ்கி என்ற பெரிய விமர்சகர் அந்த வாலிபர்களுக்கு ஒரு குருவைப் போல. நாத்திகர். தஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவலைப் புகழ்ந்து அவரை உயர்த்தினவரும் அவரே. ஒருநாள் தஸ்தயேவ்ஸ்கி இருக்கும்போதே கிறிஸ்துவைக் கேலியாகப் பேசிவிட்டு, “பாருங்கள், கிறிஸ்துவைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் இவன் அழப்போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறான்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினாராம். பல வருஷம் கழித்து, 1873-இல், தஸ்தயேவ்ஸ்கியே இதை எழுதினார். தீவிர அரசியலுக்குள் இருந்த நாட்களிலும் உள்ளே ஏதோ ஒன்று அணையாமல் இருந்திருக்கிறது.

அந்தப் பெலின்ஸ்கி எழுதின ஒரு கடிதம், அடிமைத்தனத்துக்குச் சபை துணைபோகிறது என்று கண்டித்த கடிதம், கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கூட்டத்தில் சத்தமாய் வாசித்ததுதான் தஸ்தயேவ்ஸ்கியின் மேல் வந்த பெரிய குற்றச்சாட்டு. 1849 ஏப்ரல் 23 விடியற்காலையில் (பழைய ரஷ்யக் காலண்டர்படி) கைதானார். எட்டு மாதம் கோட்டைச் சிறை. டிசம்பர் 22 அன்று அவர்களைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோய், மரண தண்டனை என்று வாசித்து, வெள்ளை அங்கி போட்டு, குருவானவர் சிலுவையை முத்தமிடக் கொடுத்து, முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டினார்கள். தஸ்தயேவ்ஸ்கி அடுத்த வரிசையில் நின்றார். துப்பாக்கி உயர்ந்த பிறகு தண்டனையைக் குறைத்த ராஜ உத்தரவை வாசித்தார்கள். எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்த நாடகம். கம்பத்தில் கட்டப்பட்டவர்களில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

நாலு வருஷம் சைபீரியாவில் கடும் உழைப்பு, அதன்பின் சாதாரணச் சிப்பாயாகச் சேவை என்று தீர்ப்பாயிற்று. போகிற வழியில் தொபோல்ஸ்க் என்ற ஊரில் சில ஸ்திரீகள் கைதிகளைச் சந்திக்க அனுமதி வாங்கி வந்தார்கள். 1825-இல் ஜாருக்கு விரோதமாய்க் கலகம் பண்ணி நாடு கடத்தப்பட்டவர்களின் மனைவிகள் அவர்கள். புருஷர் பின்னாலே சைபீரியாவுக்கு வந்து, 25 வருஷமாய் அங்கேயே இருந்தவர்கள். அவர்கள் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு புதிய ஏற்பாடு கொடுத்தார்கள். அட்டைக்குள் பத்து ரூபிள் நோட்டு ஒளித்து வைத்திருந்தது. சிறைக்குள் அனுமதிக்கப்பட்ட புத்தகம் அது ஒன்றுதான். தஸ்தயேவ்ஸ்கி அதை நாலு வருஷமும் தலையணையின் கீழ் வைத்திருந்தார். பென்சில் கிடையாது, நகத்தால் கோடு போட்டார். அந்தப் பிரதி இன்றைக்கும் மாஸ்கோவில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. யோவான் எழுதின பகுதிகளில்தான் அடையாளங்கள் அதிகம் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

“நீங்க எப்படி எங்களுக்குத் தோழர்?”

ஓம்ஸ்க் சிறையில் அவரோடு இருந்தவர்களில் பெரும்பாலானோர் குடியானவர்கள். யாருடைய விடுதலைக்காக ரகசியக் கூட்டம் போட்டாரோ, அவர்களே. காலில் விலங்கோடு, ஒரே பலகைக் கட்டிலில், துர்நாற்றத்தில், அவர்களோடே படுத்தார். அவர்கள் அவரை வெறுத்தார்கள்! மேல்குலத்தான், எங்களைக் கொத்தித் தின்ற கூட்டத்தான் என்று வெறுத்தார்கள். விடுதலையானதும் 1854-இல் அண்ணனுக்கு எழுதின கடிதத்தில் இந்த வெறுப்பைத் தாங்கினதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

‘மரண வீட்டின் குறிப்புகள்’ என்ற அவருடைய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. சாப்பாடு மோசமென்று கைதிகள் முறையிட வரிசையில் நிற்கிறார்கள். கதை சொல்கிறவரும் அவர்களோடு போய் நிற்கிறார். மற்றவர்கள் சிரித்து, இது உனக்கு ஆகாத காரியம் என்று அவரை வரிசையிலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பின்னர் ஒரு கைதியிடம், நாங்கள் உங்களோடு சேரவில்லையென்று கோபமா, தோழமைக்காகவாவது சேர்ந்திருக்க வேண்டாமா என்று கேட்கிறார். அவன் கோபப்படவில்லை, நிஜமாகவே புரியாமல் விழிக்கிறான். நீங்க எப்படி எங்களுக்குத் தோழராக முடியும் என்று கேட்கிறான்.

யாத். 2:14 ரஷ்ய மொழியில்! உன்னை எங்களுக்கு யார் தலைவனாக வைத்தது?

பிரியமானவர்களே, இந்த இடத்தில்தான் மனுஷர் பிரிகிறார்கள். ‘ஜனங்கள், ஜனங்கள்’ என்று மேடையில் கேட்ட ஜனங்கள் வேறு, பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டு, திருடி, குடித்து, அடித்துக்கொள்கிற ஜனங்கள் வேறு என்று தெரியவரும்போது, நேசம் அருவருப்பாக மாறிவிடலாம். இவனுங்களுக்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று தோன்றலாம். தஸ்தயேவ்ஸ்கிக்கும் தோன்றிற்று. அதை அவர் 1876-இல் எழுதின ஒரு சிறு கட்டுரையில் மறைக்காமல் சொல்கிறார்.

அது ஈஸ்டர் வாரம். கைதிகளுக்கு வேலை இல்லை. எங்கும் குடி, சண்டை, கெட்ட பாட்டு. குடிவெறியில் இருந்த ஒருவனை ஆறு பேர் சேர்ந்து நினைவு தப்பும்வரை அடித்துப் போட்டிருந்தார்கள். தாங்க முடியாமல் வெளியே போகிறார். எதிரே வந்த போலந்து நாட்டு அரசியல் கைதி ஒருவர், இந்தக் கொள்ளைக்காரர்களை வெறுக்கிறேன் என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டுப் போகிறார். தஸ்தயேவ்ஸ்கி திரும்பி வந்து பலகையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுகிறார். ஒன்பது வயதில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. காட்டோரத்தில் “ஓநாய்!” என்று யாரோ கத்தின மாதிரி கேட்டுப் பயந்து ஓடினான் சிறுவன். வயலில் உழுதுகொண்டிருந்தவன் மரேய் என்ற குடியானவன், அவர்கள் குடும்பத்துக்கே சொந்தமான அடிமை. அவன் கலப்பையை நிறுத்தி, தாயைப்போலப் புன்னகை செய்து, ஓநாய் ஒன்றும் இல்லையப்பா என்று தேற்றி, மண் படிந்த தடித்த விரலால் பிள்ளையின் நடுங்குகிற உதட்டைத் தொட்டான். எஜமான் பிள்ளைக்கு அன்பு காட்டினால் அவனுக்கு ஒரு காசும் கிடைக்காது. பார்க்கவும் ஒருவரும் இல்லை.

கண்ணைத் திறந்து எழுந்தபோது அதே கைதிகளை வேறுவிதமாகப் பார்க்க முடிந்தது என்கிறார். முகத்தில் சூட்டுக்குறியோடு, குடித்துவிட்டுக் கத்துகிற இவனும் அந்த மரேயாக இருக்கலாம். இவன் உள்ளத்தை நான் பார்க்க முடியாதே! 

இதைப் படித்தபோது யாத்திராகமம் 3:7-க்கு நான் திரும்பினேன். முட்செடியிலிருந்து கர்த்தர் என்ன சொல்லுகிறார்? உன் அரசியல் தோற்றுப்போயிற்று, இனி அந்த ஜனங்களை மறந்துவிடு என்றா? இல்லை. என் ஜனத்தின் உபத்திரவத்தைப் பார்த்தேன், கூக்குரலைக் கேட்டேன், வேதனையை அறிந்தேன் என்கிறார். நாற்பது வருஷத்துக்கு முன்பு மோசே பார்த்த அதே சுமை! மோசே மறக்கப் பார்த்ததைக் கர்த்தர் மறக்கவில்லை. மோசேயின் கண் முதலில் பார்த்தது சரியான இடத்தைத்தான். கையும் ‘நான்’ என்கிற நினைப்பும் வேறு கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2:23-இல் எகிப்தின் ராஜா செத்துப்போனான் என்று வருகிறது. ஆட்சி மாறிற்று. அடிமைத்தனம் மாறவில்லை, பெருமூச்சு நின்றபாடில்லை. ரஷ்யாவிலும் 1861-இல் ஜார் மன்னரே ஓர் ஆணையினால் குடியானவர்களை விடுவித்தார், ஆனால் நிலத்துக்கு அவர்கள் பல பத்து வருஷம் தவணை கட்ட வேண்டியிருந்தது. பெயர் மாறும், கொடி மாறும், சூளைப் புகை மாறாது. இதைக் கண்டு சலித்துப்போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மீதியானில் அவன் என்ன செய்தான்?

நாற்பது வருஷத்தைப் பற்றி வேதம் அதிகம் சொல்லவில்லை. சொல்லியிருக்கிற ஒரு காரியத்தை நாம் கவனிக்காமல் போகிறோம். மீதியானுக்கு ஓடிவந்து கிணற்றண்டையில் உட்கார்ந்த அன்றே, மேய்ப்பர்கள் வந்து, தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்களைத் துரத்துகிறார்கள். ஊர் தெரியாது, ஆள் தெரியாது, சொந்த நாட்டில் உயிருக்கு விலை வைத்திருக்கிறார்கள். எழுந்து நிற்காமல் இருந்திருக்கலாம். மோசே எழுந்தான் (2:17). துணை நின்றான், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினான். இந்த முறை யாரும் சாகவில்லை. மணலில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

எகிப்து விஷயத்தில் மனசு முறிந்தவனுக்கும் கிணற்றடி அநியாயம் கண்ணில் பட்டது. அது மிகப்பெரிய கிருபை. முறிந்துபோன அநேகருக்கு அது படுகிறதில்லை. நம் நடுவிலும் பாருங்கள்: முன்னே கூலிக்காக நின்றவர்தான், இன்றைக்குத் தன் வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கிறார். கேட்டால், “பிரதர், நான் இப்போ உலகக் காரியத்துல தலையிடறதில்ல” என்கிறார். இது பரிசுத்தம் இல்லீங்க, இது வெறும் களைப்பு. கூலிக்காரனுக்கு அன்றன்றைக்கே, பொழுது இறங்குவதற்கு முன்னே கொடுக்கச் சொன்னது மோசேயின் பிரமாணம் (உபா. 24:14, 15). பிடித்துவைத்த கூலி கர்த்தருடைய செவிக்கு எட்டுமளவும் கூப்பிடும் என்று யாக்கோபு எழுதுகிறார் (யாக். 5:4). அந்நிய பாஷை பேசுகிற நமக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறார்.

இன்னொரு பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு கொடியை நம்பி ஏமாந்தவன் நேர் எதிரான கொடியின் கீழே போய் நின்று, கிறிஸ்துவண்டை வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வது. தஸ்தயேவ்ஸ்கியே இதில் விழுந்தார் என்று சொல்லாமல் விட்டால் நான் உண்மையுள்ளவன் அல்ல. பிற்காலத்தில் ஜாரையும் ரஷ்ய தேசத்தையும் ஏறக்குறைய தேவனுடைய பாத்திரம் என்கிற அளவுக்கு உயர்த்தினார். 1877-இல் துருக்கியோடு யுத்தம் வந்தபோது அதை உற்சாகமாய் ஆதரித்தார், கான்ஸ்டான்டிநோபிள் ரஷ்யாவுக்கே சேரவேண்டும் என்று எழுதினார். போலந்துக்காரரைப் பற்றியும், நம் ஆண்டவர் மாம்சத்தின்படி பிறந்த யூத ஜனத்தைப் பற்றியும் கசப்பாய் எழுதினார். சிறைக்குள் குடிகாரனிடத்தில் மரேயைக் கண்டவரால் யூதனிடத்தில் காண முடியவில்லை. என்ன சொல்வது! ஆண்டவருடைய பன்னிருவரைப் பாருங்கள். ரோமருக்கு வரி வசூலித்த மத்தேயுவும் இருந்தான், செலோத்தே என்னப்பட்ட சீமோனும் இருந்தான் (லூக். 6:15). செலோத்தே என்றால் வைராக்கியக்காரன். இந்தப் பேர் கொண்ட கூட்டத்தார் பின்னாளில் ரோமருக்கு விரோதமாய் ஆயுதம் எடுத்தார்கள். ஒரே பந்தியில் இரண்டு பேர். ஒருவன் மற்றவனுடைய கட்சிக்கு மாறினதாக எழுதியில்லை.

வாலிபரிடத்தில் எப்படிப் பேசுவது?

1869 நவம்பரில் மாஸ்கோவில் ஒரு கொலை நடந்தது. நெச்சாயேவ் என்ற வாலிபத் தலைவன், தன் ரகசியக் குழுவிலேயே தனக்கு மாறாகப் பேசின இவானோவ் என்ற மாணவனை, மற்றத் தோழர்களையும் கூட்டிச் சேர்த்துக் கொன்று குளத்தில் போட்டான். எகிப்தியனை மணலில் மறைத்தார்கள் அன்று, இன்று தோழனையே தண்ணீரில் மறைக்கிறார்கள். அந்தச் சம்பவத்தை வைத்து தஸ்தயேவ்ஸ்கி ‘பிசாசுகள்’ என்ற நாவலை 1871–72-இல் எழுதினார். அதன் முகப்பில் லேகியோன் பன்றிகளுக்குள் புகுந்த பகுதியை (லூக். 8:32–36) வைத்தார்.

சரி, அந்த வாலிபரெல்லாரும் பிசாசின் மக்கள், நமக்கென்ன என்று அவர் விட்டாரா? இல்லை. 1873-இல், அந்த வாலிபரெல்லாம் சோம்பேறிகள், அரைகுறைப் படிப்பாளிகள் என்று பத்திரிகைகள் பேசினபோது, அவர் மறுத்து எழுதினார்: நெச்சாயேவைப் போன்ற ஒருவனாக நான் ஒருநாளும் ஆகியிருக்க மாட்டேன், ஆனால் அவன் பின்னே போன வாலிபரில் ஒருவனாக என் வாலிபத்தில் நானும் ஆகியிருக்கக்கூடும் என்கிற அர்த்தத்தில் சொன்னார். நல்லெண்ணமுள்ள, இளகின இருதயமுள்ள பிள்ளைகளும் அப்படி இழுக்கப்படுவார்கள் என்றார். அந்த நாவலிலும், பன்றிகள் யாரென்று கடைசியில் அடையாளம் சொல்கிறவர் ஒரு கிழவர். அந்த வாலிபருக்கு இந்தக் கருத்துக்களை முதலில் சொல்லிக்கொடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். சாகுந்தருவாயில், ஊர் ஊராய் சுவிசேஷப் புத்தகம் விற்கிற ஒரு ஏழை ஸ்திரீ அவருக்கு வேதம் வாசிக்கிறாள். புத்தகத்தைத் திறந்ததும் வந்தது எது தெரியுமா? அனலுமின்றிக் குளிருமின்றி இருந்த லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்ட நிருபம் (வெளி. 3:14–17).

வாலிபனிடத்தில் இருக்கிற கோபத்தைக் கண்டு பயப்படுகிற மூப்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும். லவோதிக்கேயாவைக் குறித்து ஆண்டவர் சொன்ன அளவுக்குக் கடினமான வார்த்தையைச் செலோத்தே சீமோனுக்கு அவர் சொன்னதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

மோசேக்கு இரண்டாவது முறையும் நடந்தது

முட்செடிக்குப் பிறகு எல்லாம் சுகமாய் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? யாத்திராகமம் 5-ஐ வாசியுங்கள். மோசே பார்வோனிடம் போகிறான். பலன்? வைக்கோல் நின்றுபோயிற்று, செங்கல் கணக்கு மட்டும் குறையவில்லை. இஸ்ரவேல் புத்திரரின் தலைவர்கள் அடிவாங்கிக்கொண்டு வந்து, மோசேயையும் ஆரோனையும் பார்த்து, எங்களைக் கொல்லுகிறதற்கு அவர்கள் கையில் பட்டயத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்று சபிக்கிறார்கள் (5:20, 21). நாற்பது வருஷத்துக்கு முன்பு கேட்ட அதே குரல். தேவனால் அனுப்பப்பட்டுப் போனவனுக்கும் அதே குரல்!

அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டு மீதியானுக்கு ஓடினான். இன்றைக்கு ஓடவில்லை, கொல்லவும் இல்லை. முன்பு வாக்கில் வல்லவன், இப்போது திக்குவாயன் என்று தானே ஒத்துக்கொள்கிறவன் (4:10). அந்தத் திக்குவாயோடே கர்த்தரிடத்தில் திரும்பிப் போய், ஏன் இப்படிச் செய்தீர், ஏன் என்னை அனுப்பினீர், நான் போனது முதல் இந்த ஜனங்களுக்குத் தீமைதான், நீர் விடுதலை கொடுக்கவே இல்லையே என்று கேட்டுவிட்டான் (5:22, 23). கர்த்தர் அவனைக் கடிந்துகொண்டதாக அடுத்த வசனத்தில் இல்லை.

தஸ்தயேவ்ஸ்கி 1881 ஜனவரி 28 அன்று மரித்தார். அன்று காலை, சிறையில் வைத்திருந்த அதே புதிய ஏற்பாட்டைத் திறந்து மனைவியை வாசிக்கச் சொன்னார். திறந்த இடத்தில் வருகிற வசனத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நான் சபைக்குப் போதிக்கிறதில்லை, ஆனால் நடந்தது அதுதான். மத்தேயு 3-ஆம் அதிகாரம், யோவான் ஸ்நானன் தடைசெய்ய, ஆண்டவர் இடங்கொடுக்கச் சொல்லுகிற இடம். தன்னைப் பிடித்துவைக்க வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளை வரவழைத்து, கெட்ட குமாரன் உவமையை வாசிக்கச் செய்தார். அந்தப் புத்தகத்தை மகனுக்குக் கொடுத்தார். சிறைக்குப் பின் இருபத்தேழு வருஷத்தில் அவர் நம்பின அரசியல் மாறிப்போனது உண்டு, மாறின அரசியலிலும் பிழை உண்டு. தலையணையின் கீழ் இருந்த புத்தகம் மாறவில்லை.

வீட்டு ஜெபக் கூட்டங்களில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாலிபத்தில் இயக்கங்களில் இருந்தவர்கள் உங்கள் நடுவில் இருந்தால், அவர்களை முதலில் பேசவிடுங்கள். எந்தச் சூளையைப் பார்த்தார்கள், யார் அடிபட்டது, யாருடைய கூலி நின்றுபோனது என்று அவர்கள் சொல்லட்டும். நடுவில் யாரும் ‘அல்லேலூயா’ சொல்லி முடித்துவைக்க வேண்டாம். பிறகு யாத். 5:15 முதல் 23 வரை சத்தமாய் வாசியுங்கள். 6-ஆம் அதிகாரத்துக்கு உடனே போகாமல் அங்கேயே நிறுத்தி, அந்த நிலைமையில் மோசே ஜெபித்தபடியே ஜெபிக்க நேரம் கொடுங்கள். 6-ஆம் அதிகாரத்தை அடுத்த மாதம் தியானிப்போம்.